மொரிஸ் மைனருக்குள் ஜப்பானிய எஞ்சின்: எதை வெட்டலாம், எதைத் தொடக்கூடாது

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் நின்ற மொரிஸ் மைனர் 1000ஐ அவர் ஹொட் ரொட்டாக, அதாவது பழைய உடலில் வலுவான எஞ்சின் போட்ட காராக, மாற்றிக்கொண்டிருக்கிறார். பின்சக்கர ஓட்டமுள்ள ஜப்பானிய வான் ஒன்றிலிருந்து கழற்றிய 1500 சிசி எஞ்சினையும் ஐந்து கியர் பெட்டியையும் பழைய உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் வாங்கி, செயின் புளொக்கில் தொங்கவிட்டு இறக்கிப் பார்த்திருக்கிறார். மூன்று இடத்தில் இடிக்கிறது. முன்னால் ஃபேன் ரேடியேட்டரில், பின்னால் சிலிண்டர் ஹெட் ஃபயர்வோலில் (எஞ்சின் அறைக்கும் சாரதி இருக்கும் இடத்துக்கும் நடுவிலுள்ள சுவர்), கீழே ஒயில் தங்கும் தட்டான சம்ப் குறுக்குச் சட்டத்தில். ஃபயர்வோலை நாலு அங்குலம் வெட்டி உள்ளே தள்ளிவிடலாம் என்று தகடு வேலை செய்யும் டிங்கர் பாஸ் சொல்கிறாராம். யூடியூபில் அமெரிக்கர்களும் அப்படித்தான் செய்கிறார்களாம். வெட்டவா, வேண்டாமா?

தம்பி, நீங்கள் கேட்டது வெட்டுவதைப் பற்றித்தான். ஆனால் உங்களுக்கு முதலில் தெரிய வேண்டியது, இந்தக் காரில் எதை அசைக்கலாம், எதை அசைக்கக்கூடாது என்பது. அது தெளிவானால் இந்த மூன்று இடிப்பில் இரண்டுக்குக் காரின் தகட்டில் கிரைண்டரே வைக்கத் தேவைப்படாது. மூன்றாவதுக்கும் நாலு அங்குலம் வேண்டிவராது என்றுதான் நினைக்கிறேன்.

நான் மொரட்டுவை ஜேர்மன் டெக்கில் படித்தவன். பிறகு டோஹாவில் ஒரு கராஜில் அமெரிக்க வி8 (எட்டு சிலிண்டர்) கார்களோடு சில வருடம் போனது. இப்போது தெமட்டகொடையில் சொந்தப் பட்டறை. வருவதில் பாதிக்கு மேல் பழைய ஆங்கிலக் கார்கள்தான். கீழே சொல்லும் அளவுகளும் கோணங்களும் நிச்சயமானவை, எந்தக் காரிலும் செல்லும். ஆனால் உங்கள் காரின் தகடு என்ன நிலையில் இருக்கிறது என்பது நீங்கள் போட்ட படத்தைப் பார்த்துச் சொல்லக்கூடிய விஷயமில்லை. கடற்காற்று படும் இடத்தில் ஐம்பது அறுபது வருடம் நின்ற மைனரின் அடிச்சட்டத்தை, அண்டர்சீலைச் சுரண்டி, சுத்தியலால் தட்டி, சத்தத்தைக் கேட்டுத்தான் மதிப்பிட வேண்டும். அங்கே துரு தின்றிருந்தால் எஞ்சின் கதையை ஒத்திவைத்துவிட்டு முதலில் அதைச் செய்யுங்கள்.

சரி, அமெரிக்கர்கள் ஏன் அவ்வளவு தாராளமாக வெட்டுகிறார்கள்? ஹொட் ரொட் என்றாலே முதலில் நினைவுக்கு வருவது 1932ஆம் ஆண்டு ஃபோர்ட். அந்த வருடம்தான் ஃபோர்ட் தன் வி8 எஞ்சினை வெளியிட்டது. 221 கன அங்குலம், 65 குதிரைவலு. அந்தக் காருக்கு அடியில் தனிச் சட்டகம் உண்டு. உடல் அதன் மேல் ஆணியடித்து உட்கார்ந்திருக்கும் பெட்டி மாதிரி. பாரத்தைத் தாங்குவது, முறுக்கத்தைத் தாங்குவது எல்லாம் கீழே இருக்கும் சட்டகத்தின் வேலை. ஃபயர்வோல் வெறும் தடுப்புச் சுவர். அதை வெட்டி உள்நோக்கிக் குழிந்த தகடு ஒன்றை வைத்தால் கார் ஒன்றும் தளர்ந்துபோகாது. அதற்கென்றே ஆயத்தத் தகடுகள் அங்கே கடையில் விற்கிறார்கள். 1955இல் ஷெவர்லே சிறிய வி8 வந்த பிறகு இது இன்னும் பரவலானது. காரணம், அந்த எஞ்சினில் தீப்பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர் பின்முனையில் நிற்கிறது. ஃபோர்டின் சிறிய வி8இல் அது முன்னால். ஒரே பெட்டிக்குள் ஷெவர்லே போட்டவர் ஃபயர்வோலோடு மல்லுக்கட்டினார், ஃபோர்ட் போட்டவர் வேறு எதனோடாவது மல்லுக்கட்டினார்.

மைனருக்கு அப்படித் தனிச் சட்டகம் இல்லை. உடலே சட்டகம். ஃபயர்வோலும் அதன் அடியில் கால் வைக்கும் சாய்தகடும் எஞ்சினின் இரு பக்கமும் ஓடும் முன் கால்சட்டங்களையும் கதவுத் தூண்களையும் ஒன்றோடொன்று பிணைக்கின்றன. போதாததற்கு சக்கரங்களைத் திருப்பும் ஸ்டியரிங் ராக் அந்தச் சுவரின் கீழ்ப்பகுதியில்தான் பொருத்தப்பட்டிருக்கிறது. அங்கே நாலு அங்குலம் குறுக்காக வெட்டினால், ராக் பிடித்திருக்கும் தகடே ஆடத் தொடங்கும். முதலில் கதவு இடைவெளி மாறும். பிறகு பள்ளத்தில் விழும்போதெல்லாம் ஸ்டியரிங் தானாக ஒரு பக்கம் இழுக்கும். ஆகவே டிங்கர் பாஸின் கைவேலையில் குறையில்லை. அவர் பார்த்த வீடியோவில் இருந்தது வேறு இனக் கார், அவ்வளவுதான்.

மைனரில் உங்களுக்குச் சாதகமான ஒன்றும் இருக்கிறது. 1948இல் வந்த இந்தக் காரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், படுக்கைவசமான நாலு சிலிண்டர் எஞ்சின் ஒன்றை மனதில் வைத்துத்தான் முன்பகுதியை வரைந்தார். அந்த எஞ்சின் கடைசியில் வரவில்லை. அதற்காக ஒதுக்கிய அகலம் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. மைனரின் பொனெட்டைத் திறந்தால் சின்ன எஞ்சினின் இரண்டு பக்கமும் வெற்றிடம் கிடப்பதற்குக் காரணம் அதுதான். முன் சஸ்பென்ஷனும் நீளவாக்கில் பின்னோக்கி ஓடும் டோர்ஷன் பார் (முறுகி ஸ்பிரிங் வேலை செய்யும் கம்பி) என்பதால், உயரமான ஸ்பிரிங் கோபுரங்கள் பக்கத்தை அடைப்பதில்லை. அதனால் உங்கள் பிரச்சினை அகலத்தில் இல்லை, நீளத்திலும் உயரத்திலும்தான். படத்தைப் பார்த்தாலும் அப்படித்தான் தெரிகிறது.

இப்போது வேலையின் ஒழுங்கு. செயின் புளொக்கில் முழு எஞ்சினையும் தொங்கவிட்டு இடிக்கிற இடத்தைப் பார்ப்பது தலைகீழான முறை. முதலில் கார் நாலு சக்கரத்திலும் அதன் உண்மையான உயரத்தில், சமதளத்தில் நிற்க வேண்டும். ஜாக் ஸ்டாண்டில் முன்சக்கரம் தொங்கும்போது எடுத்த அளவு எதற்கும் உதவாது. சக்கரம் மேலேறும்போதுதான் ஸ்டியரிங் கைகள் மேலே வரும், அப்போதுதான் சைலன்சர் குழாயை இடிக்கும். அப்புறம் எஞ்சினைக் கழற்றுங்கள். ஹெட், மேனிஃபோல்ட், ஒல்டர்னேட்டர், ஃபேன் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, வெறும் புளொக்கும் வெறும் கியர்பொக்ஸ் கூடும் மட்டும் உள்ளே போகட்டும். கீழே மரக்கட்டைகளும் ஆப்புகளும் வைத்து நிறுத்துங்கள். பிறகு ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டே வாருங்கள். எது முதலில் இடிக்கிறது என்பது அப்போதுதான் தெரியும். பெரும்பாலும் இடிப்பது எஞ்சினாக இருக்காது, அதில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஏதாவது ஒரு துண்டாக இருக்கும்.

நிறுத்தும்போது விட்டுக்கொடுக்கக்கூடாத ஒன்று கிரேங்க் கோடு. எஞ்சினின் சுழல் தண்டான கிரேங்கும் பின் டிஃபரன்ஷியலுக்குள் நுழையும் தண்டான பினியனும் பக்கவாட்டில் பார்த்தால் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். ஒரு பாகைக்குள் வித்தியாசம் பரவாயில்லை. பிரொபெலர் ஷாஃப்டின் இரு முனையிலும் யூ ஜொயிண்ட் வேலை செய்யும் கோணம் ஒன்றிலிருந்து மூன்று பாகைக்குள் இருக்கட்டும். மூன்றைத் தாண்டினால் வேகத்தில் அதிர்வு வரும். முற்றிலும் பூச்சியம் என்றாலும் நல்லதில்லை, ஜொயிண்டுக்குள் இருக்கும் ஊசி பெயரிங்குகள் உருளாமல் ஒரே இடத்தில் தேய்ந்துபோகும். எஞ்சின் பின்பக்கமாக மூன்று பாகை சரிந்து நிற்பது சாதாரணம். பொனெட்டில் இடிக்கிறதென்று முன்னால் இறக்கி, பின்னால் தூக்கி, இந்தக் கோட்டைக் குலைத்துவிட்டு, பிறகு காலி வீதியில் அறுபதில் போகும்போது கார் நடுங்குகிறது என்று கொண்டுவருபவர்கள் இருக்கிறார்கள். பக்கவாட்டில் எஞ்சினை ஓர் அங்குலம் தள்ளுவதில் மட்டும் தவறில்லை, கோடு இணையாக இருந்தால் போதும். எங்கள் கார்களுக்கு ஸ்டியரிங் வலது பக்கம், ஆகவே தள்ளுவதென்றால் இடது பக்கம்.

முன்னால் இருக்கும் இடிப்புக்கு வருவோம். இந்த ஊரில் நீளத்தை எண்ணும்போது ரேடியேட்டருக்கும் ஃபேனுக்கும் உரிய இடத்தை முதலில் எழுதிவையுங்கள், மிச்சத்தைத்தான் எஞ்சினுக்குக் கொடுங்கள். குளிர் நாட்டு வீடியோக்களில் இதைக் கடைசியில் பார்க்கிறார்கள், அவர்களுக்குக் கட்டுப்படியாகும். கொழும்பில் பகல் முப்பது பாகைக்கு மேல், புழுக்கம். பொரளைச் சந்தியில் கார் நகராமல் நிற்கும்போது ரேடியேட்டருக்குள் காற்றை இழுப்பது ஃபேன் மட்டும்தான். மைனரின் கடைசி 1098 சிசி எஞ்சின் 48 குதிரைவலு. அதற்கென்று செய்த ரேடியேட்டர் உங்கள் எஞ்சினுக்குப் போதாது. தடிப்பான கோர் வேண்டும், அதுவும் இடத்தைத் தின்னும்.

ஆனால் வானில் வந்த ஃபேனை அப்படியே வைத்துக்கொள்ள எந்தக் கட்டாயமும் இல்லை. அந்த ஃபேனும் அதன் பிசுக்குக் கப்ளிங்கும் வோட்டர் பம்பின் மூக்கில் நேராக நிற்கின்றன, கழற்றினால் நல்ல இடம் திறக்கும். பதிலுக்கு மெல்லிய மின்ஃபேன் வையுங்கள். அதுவும் இரண்டரை, மூன்று அங்குலம் தடிப்பு என்றாலும், பம்பின் கோட்டில் நிற்க வேண்டியதில்லை. ஒரு பக்கமாகத் தள்ளி வைத்தால் பெல்ட் ஓடும் கப்பியின் மூக்கு அதன் பக்கத்தில் வந்து நிற்கும். ரேடியேட்டருக்குப் பின்னால் நின்று இழுக்கும் ஃபேன்தான் நல்லது. முன்னால் நின்று தள்ளுவது ஓடும்போது வரும் காற்றையே மறைக்கும், வேறு வழியில்லாவிட்டால் மட்டும் அது. ஃபேனைச் சுற்றி ஷ்ரவுட் எனும் காற்றுக் கூடு கட்டாயம் வேண்டும். கிரில்லுக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் எவ்வளவு வெற்றிடம் இருக்கிறதென்றும் பாருங்கள், ரேடியேட்டரை அந்தப் பக்கம் நகர்த்தக் கிடைக்கும் ஒவ்வொரு அங்குலமும் வெட்டாமல் கிடைத்த அங்குலம். ரேடியேட்டரைப் பின் டிக்கிக்குக் கொண்டுபோகும் யோசனையை விட்டுவிடுங்கள். நீண்ட குழாய், காற்றுப் பூட்டு, போகாத காற்று, எல்லாத் தலைவலியும் அதில் இருக்கிறது.

இதில் இரண்டு சின்ன எச்சரிக்கை. மைனரின் பழைய டைனமோ இருபது அம்பியரைச் சுற்றித்தான் தரும், மின்ஃபேனும் ஹெட்லைட்டும் சேர்ந்தால் தாங்காது. ஜப்பானிய எஞ்சினோடு வந்த ஒல்டர்னேட்டரையே வையுங்கள். அப்போது நினைவிருக்கட்டும், மைனர் நேர்முனை நிலத்தொடுப்பில், அதாவது பட்டரியின் நேர்முனை உடலோடு தொடுத்தபடி, வந்த கார். யாரும் இதுவரை மாற்றவில்லை என்றால் பட்டரி இணைப்பை மாற்றிய பிறகே ஒல்டர்னேட்டரைத் தொடுக்க வேண்டும். மற்றது, 0.9 பார் மூடியைப் பழைய ரேடியேட்டரில் போடாதீர்கள். அந்த அழுத்தத்தில் தண்ணீர் 118 பாகை வரை கொதிக்காது என்பது உண்மை, ஆனால் பழைய ஈயப் பற்றுவைப்பு அதற்கு முன்னமே பிளந்துவிடும்.

பின்னால் ஃபயர்வோல். இறங்கி, டோர்ச் அடித்து, உண்மையில் எது தொடுகிறதென்று பாருங்கள். ஹெட்டின் பின்முனையில் எஞ்சினைத் தூக்குவதற்கான கொக்கித் தகடு ஒன்று பூட்டியிருக்கும். பல வேளைகளில் இடிப்பது அதுதான். இரண்டு போல்ட், கழற்றினால் அரை அங்குலம் கிடைத்துவிடும். அடுத்தது ஹீட்டருக்குப் போகும் தண்ணீர்க் குழாயின் வாய். கொழும்பில் ஹீட்டர் எதற்கு? குழாயைக் கழற்றி மூடியடிக்கலாம். ஆனால் சில எஞ்சின்களில் அந்தப் பாதை வழியாகத்தான் தேர்மோஸ்டேட் மூடியிருக்கும்போது தண்ணீர் சுற்றும், அதைப் பார்த்துவிட்டு அடைக்கவும், அல்லது குட்டையான முழங்கைக் குழாய் ஒன்று லேத்தில் செய்துகொள்ளவும். இது பின்சக்கர ஓட்ட வானின் எஞ்சின் என்பது உங்கள் அதிர்ஷ்டம். முன்சக்கர ஓட்டக் காரிலிருந்து வந்திருந்தால் பிரதான தண்ணீர் வாயும் டிஸ்ட்ரிபியூட்டரும் பெரும்பாலும் அந்த முனையில்தான் இருக்கும். அதை மாற்றுவது அரை எஞ்சினை மாற்றுவதற்குச் சமம்.

இவ்வளவும் செய்த பிறகும் இடம் போதாவிட்டால்தான் தகட்டில் கை வைக்க வேண்டும். அதுவும் முழுச் சுவரை இல்லை. ஹெட்டின் பின்னால், நடுவில், தேவையான அளவுக்கு ஒரு குழி. 1.2 மி.மீ. தகட்டில் பெட்டி போல மடித்து, நாலு பக்கமும் விளிம்பு வைத்து, விடாமல் வெல்ட் ஓட்டி மூட வேண்டும், புள்ளி புள்ளியாக ஒட்டிவிட்டு மேலே புட்டி (putty) பூசி மறைப்பதில்லை. வெட்டுவதற்கு முன் இரண்டு கதவுத் தூண்களுக்கும் இடையில் ஒரு இரும்புக் குழாயைத் தற்காலிகமாக வெல்ட் பண்ணுங்கள், கதவு இடைவெளியை அளந்து எழுதிவையுங்கள். ராக் பூட்டும் தகட்டுக்கும் அதைச் சுற்றிய பகுதிக்கும் கிட்டவே போகக்கூடாது. எவ்வளவு ஆழம் என்றால், ஹெட்டுக்குப் பின்னால் ஓர் அங்குலம் மிஞ்ச வேண்டும். அது காற்றுக்காக மட்டுமில்லை. கிளட்ச் தட்டை மாற்றும் நாளில் பெல்ஹவுசிங்கின் மேல் போல்ட்டுகளுக்கு ஸ்பானர் போக வேண்டும், ரொக்கர் கவர் தூக்கி எடுக்க வர வேண்டும். பூட்டும்போது சரியாகப் பொருந்தி, கழற்றும்போது முழு எஞ்சினும் இறங்க வேண்டிய கார்கள் என் பட்டறைக்கு வருவதுண்டு.

எஞ்சினைப் பின்னால் தள்ளினால் கியர் பெட்டியும் பின்னால் போகும் என்பதையும் பாருங்கள். வானில் சாரதி எஞ்சினுக்கு மேலே உட்கார்ந்திருப்பதால் பல வான் கியர் பெட்டிகளில் நேரான கியர் தடி இருக்காது, கம்பி வழியாக ஓடும். அதே குடும்பத்தின் கார் அல்லது பிக்கப்பிலிருந்து கியர் தடியுள்ள பின்கூடு கிடைத்தால் தடி எங்கே வருகிறதென்று முதலில் அளவெடுங்கள். முன் இருக்கைகளுக்குக் கீழே டோர்ஷன் பார்கள் முடியும் குறுக்குச் சட்டம் இருக்கிறது. முன்பக்க பாரம் முழுவதும் அதில்தான் முறுக்கிக் கட்டியிருக்கிறது. கியர் பெட்டிக்கு இடம் வேண்டுமென்று அதில் ஒரு நூல் அளவுகூட வெட்டக்கூடாது.

கீழே சம்ப். இது நாங்கள் பட்டறையில் அடிக்கடி செய்யும் வேலை, பயப்பட ஒன்றுமில்லை. இருக்கைக்குக் கீழே எஞ்சின் வைக்கும் சில வான்களில் எஞ்சினைச் சாய்த்துப் பூட்டியிருப்பார்கள், சம்ப்பின் உருவமும் அந்தச் சாய்வுக்கேற்ப இருக்கும். அதனால் வெல்டிங்குக்கு முன் பஞ்சிகாவத்தையில் இன்னொரு முறை சுற்றுங்கள். அதே எஞ்சின் குடும்பம் காரிலோ பிக்கப்பிலோ வந்திருந்தால் அதன் சம்ப் வேறு உருவம், ஆழமான பகுதி முன்னால் இல்லாமல் பின்னால் இருக்கக்கூடும். வாங்கும்போது சம்ப்பை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். அதற்குரிய உறிஞ்சு குழாய், ஒயில் பார்க்கும் கம்பி, அதன் உறை மூன்றும் சேர்ந்துதான் ஒரு செட்.

கிடைக்கவில்லையென்றால் இருப்பதை வெட்டித் தைக்க வேண்டும். குறுக்குச் சட்டம் வரும் இடத்தில் ஆழத்தைக் குறைத்து, அங்கே போன கொள்ளளவைப் பக்கவாட்டிலோ பின்பக்கத்திலோ திருப்பிக் கொடுங்கள். மொத்த ஒயில் அளவு குறையக்கூடாது. சம்ப்பை வெல்ட் பண்ணும்போது விளிம்பு வளைந்துவிடும். ஆகவே பழைய புளொக் ஒன்றிலோ தடித்த தகட்டிலோ இறுக்கிப் பூட்டி வைத்தே வெல்ட் பண்ண வேண்டும். உறிஞ்சு குழாயின் வலைக்கும் சம்ப்பின் அடிக்கும் இடையில் 6 முதல் 10 மி.மீ. இருக்கட்டும். அளப்பதற்கு வலையில் ஒரு பிளாஸ்டிசீன் உருண்டையை ஒட்டி, காஸ்கெட்டும் வைத்து, சம்ப்பைப் பூட்டிக் கழற்றுங்கள். நசுங்கிய தடிப்புத்தான் உங்கள் அளவு. கடைசியில் சம்ப்புக்குள் மண்ணெண்ணெய் ஊற்றி, கீழே வெள்ளைக் காகிதம் விரித்து ஓர் இரவு விட்டுவிடுங்கள். ஒயிலில் கசியாத வெல்ட் மண்ணெண்ணெயில் காட்டிக்கொடுத்துவிடும். குறுக்குச் சட்டத்தை வெட்டிச் சம்ப்பைக் காப்பாற்றும் யோசனை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சம்ப் கழற்றக்கூடிய தகரப் பெட்டி, சட்டம் அப்படியில்லை. பூட்டியபின் சம்ப்பின் அடி அந்தச் சட்டத்தைவிடக் கீழே தொங்கவும் கூடாது, எங்கள் ஒழுங்கைகளின் வேகத்தடைகளை நீங்கள் அறிவீர்கள்.

நீங்கள் கேட்காத நாலாவது இடம் ஒன்று இருக்கிறது, எனக்கு அதுதான் கூடுதல் கவலை. எஞ்சினின் வலது பக்கம். எஞ்சின் நின்றபடி நிற்பதில்லை. முன்னாலிருந்து பார்த்தால் கிரேங்க் கடிகாரத் திசையில் சுற்றுகிறது, எனவே எக்ஸலரேட்டரை மிதிக்கும்போது எஞ்சின் உடல் எதிர்த் திசையில் முறுகும். இடது பக்கம் எழும்பும், வலது பக்கம் அமுங்கும். அமெரிக்கக் காரில் எழும்புவது ஸ்டியரிங் இருக்கும் பக்கம். எங்களுக்கோ அமுங்குகிற பக்கத்தில்தான் ஸ்டியரிங் இருக்கிறது. பல அமெரிக்க வி8களில் ஸ்டார்ட்டர் மோட்டாரும் வலது பக்கம் என்பதால் வலதுகைக் காரில் அவற்றைப் போடுபவர்களுக்கு இது இரட்டைத் தொல்லை. அங்கே விற்கும் மவுண்டும் எக்ஸோஸ்ட்டும் இடதுகைக் காரை நினைத்துச் செய்தவை. உங்கள் எஞ்சினில் ஸ்டார்ட்டர், ஒயில் ஃபில்டர், எக்ஸோஸ்ட் மூன்றும் எந்தப் பக்கம் என்று நீங்கள் எழுதவில்லை. எக்ஸோஸ்ட் வலது பக்கமென்றால் கவனம் இரட்டிப்பாக வேண்டும்.

ஏனென்றால் மைனரின் பிரேக் மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலடியில், வலது கால்சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. சைலன்சர் குழாய் அதை ஒட்டி ஓடினால் பிரேக் எண்ணெய் சூடாகும். புதிய டொட் 3 எண்ணெயின் கொதிநிலை குறைந்தது 205 பாகை. ஈரத்தை உறிஞ்சிய பிறகு அது 140ஐச் சுற்றி இறங்கிவிடும். இந்தப் புழுக்கத்தில் ஈரம் ஏறுவதற்குக் கேட்கவா வேண்டும். கொதித்தால் பெடல் தரைவரை போகும். குழாய்க்கும் பிரேக் பாகங்களுக்கும் இடையில் இரண்டு அங்குலம் விடுங்கள். முடியாவிட்டால் நடுவில் தகட்டுத் தடுப்பு ஒன்று, தடுப்பின் இரு பக்கமும் காற்றுப் போக இடைவெளியோடு. ஸ்டியரிங் தண்டுக்கும் எஞ்சினில் இருக்கும் எதற்கும் இடையில் குறைந்தது முக்கால் அங்குலம் வேண்டும். தண்டை வளைத்துக் கொண்டுபோக ஜொயிண்ட் போடுவதென்றால் ஒரு ஜொயிண்ட் முப்பது பாகைக்கு மேல் வளையாமல் பாருங்கள். மூன்றாவது ஜொயிண்ட் வந்துவிட்டால் நடுவில் தாங்கு பெயரிங் ஒன்றும் வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் தண்டு நடுவில் துள்ளும். எல்லாம் பூட்டியபின் ஸ்டியரிங்கை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை திருப்புங்கள். முன்பக்கத்தை ஜாக்கில் ஏற்றி இறக்கியும் திருப்புங்கள். ராக்கின் கைகள் எக்ஸோஸ்ட்டின் கீழிறங்கும் குழாயான டவுன்பைப்புக்குக் கிட்ட வரும் இடத்தைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வெல்டை முடிக்க வேண்டும்.

பொனெட் பற்றி அதிகம் சொல்ல இல்லை. எயார் கிளீனரின் தலையில் பிளாஸ்டிசீன் வைத்து மூடிப் பாருங்கள், அரை அங்குலத்துக்கு மேல் நசுங்காமல் மிஞ்சினால் போதும். இடித்தால் முதலில் தட்டையான எயார் கிளீனர், அதற்கும் பிறகு பக்கவாட்டுக் காபரேட்டர். மைனருக்கு இருக்கும் அகலம் அதற்குத்தான் பயன்படும். பொனெட்டில் ஓட்டை போட்டு மூக்கு வைப்பது அழகு சம்பந்தப்பட்டது, அதில் என் கருத்தைக் கேட்காதீர்கள். மைனரின் பொனெட் அதன் முகம், அதை நான் தொடமாட்டேன்.

ஆளுக்கொரு பேச்சுள்ள விஷயங்களும் உண்டு. எஞ்சினை இரும்போடு இரும்பாகப் பூட்டினால் ஆட்டம் இருக்காது, கால் அங்குல இடைவெளி போதும் என்பார்கள். கணக்குப்படி சரி, பந்தயக் காருக்கு ஒத்துவரும். மைனரின் மெல்லிய தகட்டில் அந்த அதிர்வு கொஞ்சக் காலத்தில் வெல்டைப் பிளக்கும் என்பது என் எண்ணம், நான் ரப்பர்தான் போடுவேன். எக்ஸோஸ்ட்டுக்குத் துணி சுற்றுவது வெப்பத்தைக் குறைக்கும், அதில் சந்தேகமில்லை. சாதாரண இரும்புக் குழாய் அந்தத் துணிக்குள் ஈரம் பிடித்துச் சீக்கிரம் உக்குகிறதா என்பதில் பட்டறைக்குப் பட்டறை கதை வேறு. நான் துணியைவிடத் தகட்டுத் தடுப்பையே விரும்புகிறேன்.

கடைசியாக, எஞ்சின் ஓடுகிற நாளுக்கு முன்னமே முடிக்க வேண்டிய இரண்டு. மைனருக்கு நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். புதிய எஞ்சினோடு முன்னால் டிஸ்க் போடாமல் வீதிக்கு இறக்காதீர்கள், டிஸ்க்கின் கலிப்பர் உங்கள் சக்கரத்துக்குள் அடங்குகிறதா என்பதும் ஓர் இடைவெளிப் பிரச்சினைதான். மற்றது காகிதம். வாகனப் பதிவுச் சான்றிதழில் எஞ்சின் இலக்கம் இருக்கிறது, மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய வேண்டும். எஞ்சின் வாங்கிய பற்றுச்சீட்டையும் விற்றவரிடம் இறக்குமதிக் காகிதம் இருந்தால் அதன் பிரதியையும் இப்போதே வாங்கி வையுங்கள். பதிவும் காப்புறுதியும் ஒரே இலக்கத்தைச் சொல்லாவிட்டால், விபத்து நடந்த அன்றைக்குத்தான் அதன் விலை தெரியும். வருடாந்தம் புகைப் பரிசோதனையும் இருக்கிறது, காபரேட்டரைப் பெரிதாக்கும் ஆசை வந்தால் அதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போதைக்கு எஞ்சினை மேலே தூக்கி, கொக்கித் தகட்டையும் ஃபேனையும் கழற்றிவிட்டு, கார் சக்கரத்தில் நிற்க மறுபடி இறக்குங்கள். கிரேங்க் கப்பியின் முகத்திலிருந்து ரேடியேட்டர் கோர் வரை எவ்வளவு, ஹெட்டின் பின்முனையிலிருந்து ஃபயர்வோல் வரை எவ்வளவு, பினியன் எத்தனை பாகை சாய்ந்திருக்கிறது, எக்ஸோஸ்ட் எந்தப் பக்கம், இந்த நாலையும் இங்கே எழுதுங்கள். வலது கால்சட்டத்தின் அடியைச் சுரண்டி எடுத்த படம் ஒன்றும் வேண்டும். அதன் பிறகு குழி எவ்வளவு வேண்டும், அல்லது வேண்டவே வேண்டாமா என்று சொல்கிறேன். அதுவரை டிங்கர் பாஸுக்கு வேறு வேலை ஏதாவது கொடுத்து வையுங்கள், பின் மட்கார்ட் எப்படியும் உக்கித்தான் இருக்கும்.